கடைவீதிக்கு மேலே ஒரு எரிமலை: எங்கள் ஆபீஸ் சுவர்ப்படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஊத்துக்குளி ரோட்டை ஒட்டி சின்னதாக ஒரு பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். பனியன் துணியில் ஸ்கிரீன் பிரிண்ட் அடிக்கிற ஜாப் ஒர்க். ஆபீஸ் அறையில் என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஜப்பானிய மர அச்சுப் படம் தொங்குகிறது. ஒரு கடைவீதி, இரண்டு பக்கமும் கடைகள், வீதி முடிகிற இடத்தில் மேகம், மேகத்துக்கு மேல் வெள்ளை உச்சியோடு ஒரு மலை. ஒரு ஜப்பான் பையரின் ஆள் சேம்பிள் பார்க்க வந்தபோது அன்பளிப்பாகக் கொடுத்தது. வருகிறவர்கள் பேமென்ட் பேசுவதற்கு முன் இந்தப் படத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒரே பதிலை எத்தனை தடவை சொல்வது? எழுதி வைத்துவிட்டேன்.

இது எந்த ஊருங்க? வெள்ளியங்கிரியா?

இதுதான் முதல் கேள்வி, எப்போதும். இல்லைங்க. மலை, ஜப்பானின் ஃபூஜி. ஊர், இன்றைக்கு டோக்கியோ என்கிறோமே, அதன் பழைய வடிவமான எடோ. வீதியின் பெயர் சுருகாச்சோ. ஃபூஜி இருக்கும் பகுதிக்கு அந்தக் காலத்தில் சுருகா என்று பெயர். இந்த வீதியில் நின்றால் நேர் எதிரே சுருகாவின் மலை தெரியும் என்பதால் வீதிக்கும் அதே பெயர் வந்தது. நம்மூர்களில் மலைக்கோயிலைப் பார்த்து ஓடுகிற வீதி சன்னதி வீதி ஆகிவிடுகிறது அல்லவா, அந்த மாதிரி.

படம் வந்த வருடம் 1856. போட்டவர் ஹிரோஷிகே. ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ என்ற வரிசையில் ஒன்று. நூறு என்று பெயர்தானே ஒழிய, வரிசையில் மொத்தம் 119 படம். மொய் எழுதும்போது நூறோடு நிறுத்தாமல் ஒன்று சேர்த்து எழுதுவோம், அவர்கள் பத்தொன்பது சேர்த்துவிட்டார்கள்.

மலை நெசமாவே அவ்வளவு பெரிசாத் தெரியுமா?

தெரியாது. அந்த வீதிக்கும் ஃபூஜிக்கும் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். எங்கள் சென்னிமலையிலிருந்து வெள்ளியங்கிரி எவ்வளவு தூரமோ, நேர்கோட்டில் அவ்வளவு. ஃபூஜியின் உயரம் 3,776 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 தான். அவ்வளவு உயர்ந்த மலையாக இருந்தும் அந்தத் தூரத்தில் கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் அதன் உயரத்தை மறைத்துவிடும். படத்திலோ கூரைகளுக்கு மேலே யானை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

அதற்குத்தான் அந்த மேகப் பட்டை. வீதி முடிவதற்கும் மலை தொடங்குவதற்கும் நடுவில் இருக்கிற நூறு கிலோமீட்டரை, அதாவது பாதி ஊர், வயல், வேறு மலைகள் எல்லாவற்றையும், அந்த மேகம் விழுங்கிவிடுகிறது. நடுவில் அளந்து பார்க்க ஒன்றுமே இல்லாததால் மலை பெரிதாக இருப்பது பொய்யாகத் தோன்றுவதில்லை. கெட்டிக்காரத்தனம்தான்.

எரிமலைன்னு சொல்றீங்க, புகையே காணோமே?

கடைசியாக வெடித்தது 1707 டிசம்பர் 16. படம் போடுவதற்கு ஏறக்குறைய 150 வருடம் முன்னால். அந்த அக்டோபரில் பெரிய பூகம்பம் ஒன்று வந்து, அது நடந்து 49வது நாள் மலையின் தென்கிழக்குச் சரிவு வெடித்தது. நெருப்புக் குழம்பு வழிந்து ஓடவில்லை. சாம்பலும் கல்லும்தான், இரண்டு வாரத்துக்கு மேல். காற்று கிழக்கே அடித்ததால் நூறு கிலோமீட்டர் தாண்டி எடோவிலும் சாம்பல் கொட்டியது. அராய் ஹகுசெகி என்ற அறிஞர் பகலிலேயே விளக்கு ஏற்றிவைத்துப் பாடம் சொன்னதை எழுதி வைத்திருக்கிறார். மலைக்குக் கிழக்கே இருந்த கிராமங்களுக்குத்தான் பெரிய அடி. வயல் சாம்பலில் புதைந்தது. ஆற்றில் சாம்பல் அடைத்து அடுத்த வருடம் வெள்ளம் வேறு.

அதற்கப்புறம் இன்று வரை அமைதி. ஆனால் அணைந்துபோன மலை என்று யாரும் சொல்வதில்லை. ஜப்பான் வானிலைத் துறையின் கணக்கில் 111 உயிருள்ள எரிமலைகள் இருக்கின்றன, ஃபூஜியும் அதில் ஒன்று.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான். மேலே ஒரு எரிமலை. கீழே ஒருத்தர்கூட அண்ணாந்து பார்க்கிற மாதிரி தெரியவில்லை. எல்லோருக்கும் துணி வாங்குகிற வேலை இருக்கிறது.

அடியில் இருக்கிற கடைகள் என்ன கடைகள்?

துணிக்கடைங்க! பையரின் ஆள் இந்தப் படத்தை எங்களுக்கென்று தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான். இரண்டு பக்கமும் வரிசையாகக் கருநீல வாசல்திரை தொங்குகிறதா? எல்லாம் ஒரே கடை. எச்சிகோயா என்று பெயர், மிட்சுய் குடும்பத்துடையது. திரையில் ஒரு முத்திரை இருக்கும்: கிணற்றின் மேல் போடும் மரச்சட்டம், அதற்குள் மூன்று கோடு. மிட்சுய் என்ற பெயரை எழுத்துக்கு எழுத்து பிரித்தால் ‘மூன்று கிணறு’. மூணு கிணத்துக்காரர் என்று நம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பெயர் இருந்தால் ஆச்சரியப்படவா போகிறோம்?

கடை ஆரம்பித்தது 1673ல். பத்து வருடம் கழித்து, 1683ல், இந்த வீதிக்கு வந்தது. அதுவரை எடோவில் ஜவுளி வியாபாரம் எப்படி என்றால், வியாபாரி துணியைத் தூக்கிக்கொண்டு பெரிய வீடுகளுக்குப் போவார், பேரம் பேசுவார், கடனுக்குக் கொடுப்பார், வருடத்துக்கு இரண்டு தடவை போய் வசூல் பண்ணுவார். வராத கடனையும் காத்திருக்கிற வட்டியையும் விலையிலேயே ஏற்றி வைத்திருப்பார். இவர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். கடைக்கு வா, காசு கொடு, எல்லோருக்கும் ஒரே விலை, பேரம் கிடையாது. முழுச் சுருளாக வாங்க வேண்டாம், உனக்கு வேண்டிய அளவு வெட்டித் தருகிறோம். அவசரமா, உட்கார், இப்போதே தைத்துத் தருகிறோம்.

இதே வீதியை ஹிரோஷிகேவுக்கு முன்னாலேயே ஹொகுசாய் என்ற இன்னொரு ஓவியர் போட்டிருக்கிறார், 1830ஐ ஒட்டிய வருடங்களில். அதில் கடைக் கூரையில் ஓடு மாற்றுகிற ஆட்கள் ஓட்டைக் கீழிருந்து மேலே வீசிப் பிடிக்கிறார்கள், வானத்தில் பட்டம் பறக்கிறது, கடைப் பலகையில் ‘ரொக்கம், ஏற்றிச் சொன்ன விலை இல்லை’ என்று பொருள்படும் எழுத்து. 90 நாள், 120 நாள் என்று பில்லை இழுக்கிறவர்கள் என் எதிரில் உட்காரும்போது நான் அந்தப் பலகையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்வேன். இதுவரை பலன் இல்லை.

கடை இன்னும் இருக்கிறது. மிட்சுகோஷி என்ற பெயரில், 1904லிருந்து டிபார்ட்மென்ட் ஸ்டோராக, அதே நிஹோன்பாஷி பகுதியில். மலைதான் கட்டிடங்களுக்குப் பின்னால் போய்விட்டது.

ஹிரோஷிகே யாரு? பெரிய ஓவியரா?

1797ல் எடோவில் பிறந்தவர். அப்பாவுக்குத் தீயணைப்பு உத்தியோகம். பெற்றோர் போனதும் பதின்மூன்று வயதுக்குள் அந்த உத்தியோகம் இவர் தலையில் விழுந்தது. மர வீடுகள் நெருக்கியடித்த ஊரில் தீயணைப்புக்காரர் வேலை சும்மா உட்கார்ந்திருக்கிற வேலையாக இருந்திருக்காது, இருந்தும் வரைந்தார். இந்த வரிசையைத் தொடங்குவதற்கு முந்தின வருடம், 1855ல், எடோவில் பயங்கரமான பூகம்பமும் அதோடு தீயும். அதற்கடுத்த வருடம்தான் ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்து நிற்கிற இந்தக் கடைவீதி. 1858ல் காலரா பரவிய சமயத்தில் இறந்துபோனார். வான்கோ 1887ல் தைலவண்ணத்தில் பிரதி எடுத்த இரண்டு படங்கள் இதே வரிசையில் உள்ளவை என்பது கூடுதல் தகவல்.

ஆனால் ‘இவர் போட்ட படம்’ என்று சொல்வது பாதிதான் சரி. அதற்கு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

மரத்தில் செதுக்கி எப்படி இத்தனை கலர் வரும்?

நம் வேலையேதான். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன் நாம் போடுகிறோம், அவர்கள் ஒரு கலருக்கு ஒரு மரக்கட்டை போட்டார்கள்.

ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுச் சித்திரம் மட்டும் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதைக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்குவார். கோடு நிற்கும், மற்றதெல்லாம் போகும். ஓவியர் கைப்பட வரைந்த தாள் அதோடு காலி. அந்தக் கோட்டுக் கட்டையில் சில பிரதிகள் அடித்து, எந்த இடத்தில் என்ன கலர் என்று ஓவியர் குறித்துத் தர, கலருக்கொரு கட்டை வெட்டுவார்கள். பிறகு அச்சடிப்பவர். எல்லாவற்றுக்கும் மேலே பணம் போட்டு, யாருக்கு என்ன ஆர்டர் என்று பிரித்துக் கொடுக்கிற பதிப்பாளர். நால்வர். சுத்தமான ஜாப் ஒர்க். பையர், டிசைனர், ஸ்கிரீன் போடுகிறவர், பிரிண்ட் மாஸ்டர் என்று இங்கே நாலு கூரைக்கடியில் நடப்பதுதான் அங்கேயும். படத்தில் ஓவியரின் கையெழுத்து இருக்கிறது, பதிப்பாளரின் முத்திரை இருக்கிறது. நாள் முழுக்கத் தேய்த்தவரின் பெயர் இல்லை. எங்கள் மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். “அங்கயுந்தானுங்களா?” என்றார்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் வாய் பிளப்பது ரிஜிஸ்டர் விஷயத்தில், அதாவது ஒரு கலர் இன்னொரு கலரோடு பொருந்தி விழுகிற விஷயத்தில். பத்துப் பதினைந்து தடவை ஒரே தாளைக் கட்டை மாற்றிக் கட்டை வைத்து அடிக்க வேண்டும், ஒரு தடவை நகர்ந்தாலும் ரிஜெக்ட். அதற்கு ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு வெட்டு: ஒரு மூலையில் ‘ட’ மாதிரி மடங்கிய வெட்டு, அதே ஓரத்தில் கொஞ்சம் தள்ளி நேராக ஒரு வெட்டு. தாளின் மூலையை முதல் வெட்டில் உட்கார வைத்து ஓரத்தை இரண்டாவதில் சாய்த்தால் தாள் ஒரே இடத்தில்தான் விழும். கென்டோ என்று அதற்குப் பெயர். ஸ்டாப்பர் வைத்த நம் டேபிளுக்குத் தாத்தா.

அச்சடிக்க எந்திரம் கிடையாது. கட்டையில் கலரைப் பிரஷ்ஷால் தடவி, கொஞ்சம் அரிசிப் பசையும் சேர்த்துத் தேய்த்து, ஈரத்தாளைக் கவிழ்த்து, முதுகில் வட்டமான ஒரு தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பார்கள். மூங்கில் தோகையை நாராகக் கிழித்துக் கயிறாக முறுக்கிச் சுருள் சுற்றி, மேலே மூங்கில் தோகையாலேயே போர்த்தியது அந்தத் தேய்ப்பான். தாள், பட்டுப்பூச்சிக்குப் போடும் மல்பெரிக்குப் பங்காளி முறையான ஒரு மரத்தின் பட்டை நார். படிகாரமும் தோல் பசையும் பூசி வைத்திருப்பார்கள், கலர் பரவாமல் இருக்க. நாம் பாவுக்குக் கஞ்சி போடுகிற அதே புத்தி.

வானத்தில் நீலம் மேலே அடர்ந்து கீழே கரைகிறதே, அதற்குத் தனிக் கட்டை இல்லை. கட்டையின் ஓரத்தை ஈரமாக்கி, கலரை ஒரு பக்கம் மட்டும் வைத்துப் பிரஷ்ஷை இழுப்பது. ஒவ்வொரு பிரதிக்கும் கையால். இப்படி அடர்ந்து கரைகிற ஓம்ரே ஷேடு ஆயிரம் பீசில் ஒரே மாதிரி வர வேண்டும் என்று பையர் மெயில் போடும்போது நான் திரும்பி இந்த வானத்தைப் பார்த்துக்கொள்வேன்.

அந்த நீலம் மட்டும் ஏன் இவ்வளவு அழுத்தமா இருக்கு?

அது அவர்கள் ஊர்க் கலரே இல்லை. பெர்லினில் 1700களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த பிரஷ்யன் நீலம். ஜப்பானுக்குத் தாராளமாக வந்து சேர்ந்தது 1830ஐ ஒட்டித்தான். அதற்கு முன் அவுரி நீலமும், ஒரு பூவிலிருந்து எடுத்த நீலமும் வைத்திருந்தார்கள். பூ நீலம் வெளிச்சத்திலும் ஈரத்திலும் போய்விடும். இது போகாது. இறக்குமதிக் கலர் வந்ததும் படத்தில் வானமும் தண்ணீரும் பெருகிவிட்டன. நல்ல நீலம் கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

இது ஒரிஜினலா?

இல்லை. 1856ல் அடித்தது இல்லை. பிற்காலத்தில் புதிதாகக் கட்டை செதுக்கி, பழைய முறையிலேயே கையால் அடித்த பிரதி. ஆனால் ஆப்செட்டில் அடித்த போஸ்டரும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க நம்மிடமே கருவி இருக்கிறது: துணியில் நூல் எண்ணுகிற பிக் கிளாஸ். படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். போஸ்டர் என்றால் நாலு கலர் புள்ளிகள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். மர அச்சில் புள்ளியே இருக்காது, கலர் நாரோடு நாராக ஊறி ஒரே பரப்பாக இருக்கும். பின்பக்கம் திருப்பினால் நிறம் கசிந்து, தேய்ப்பான் சுற்றிய தடம் மங்கலாகத் தெரியும். சந்தேகப்பட்ட ஒரு ஆடிட்டருக்கு இதை வைத்துக் காட்டினேன். பத்து நிமிடம் நிமிரவே இல்லை.

என்ன விலைங்க?

என் பிரதி சும்மா வந்தது. அந்தக் காலத்தில் இவை ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே விற்றன. காலண்டர் மாதிரி வாங்கி ஒட்டினார்கள். இன்றைக்கு 1850களின் நல்ல பிரதி ஏலத்துக்குப் போகிறது.

ஆபீசில் எரிமலைப் படம் மாட்டலாமா? வாஸ்து ஒத்துக்குமா?

மூன்று வருடமாக மாட்டியிருக்கிறேன். கரண்ட் பில் தவிர வேறெதுவும் வெடிக்கவில்லை.

நம்ம கொங்குப் பக்கம் எரிமலை ஏதாச்சும் இருக்குதா?

கிடையாது. இந்தியாவில் இப்போது உயிரோடு இருப்பது அந்தமானில் பாரன் (Barren) தீவு ஒன்றுதான். ஆனால் ஒரு விஷயம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை இருக்கிறதே, பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கிற உத்தரவுப் பெட்டியில் இந்தத் தடவை என்ன வைத்திருக்கிறார்கள் என்று விசாரிப்போமே, அந்த மலைப் பாறை சையனைட் (syenite) என்ற வகை, விஷமான சயனைடு இல்லை. ஐம்பது கோடி வருடங்களுக்கும் முன்னால் பூமிக்கடியில் உருகிக் குழம்பாக ஏறி வந்து, வெளியே வராமல் உள்ளேயே மெதுவாக ஆறி இறுகியது. மேலே மூடியிருந்ததெல்லாம் தேய்ந்து கரைந்தபின் வெளியே தலைகாட்டுகிறது. வெடிக்காமல் அடங்கிவிட்ட சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபூஜி அப்படியில்லை. மூன்று நிலத்தட்டுகள் முட்டிக்கொள்கிற இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது, அடியில் குழம்பு தயாராகிக்கொண்டே இருக்கிறது.

பிரேம் போடுவது எப்படி?

முதலில் எப்படிப் போடக்கூடாது என்று சொல்கிறேன். இதோடு வந்த இன்னொரு சின்னப் படத்தை ஒரு பிரேம் கடையில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால், படத்தை ஹார்ட்போர்டில் முழுக்கப் பசை தடவி ஒட்டி, மேலே பளபளவென்று லேமினேஷனும் போட்டு, “எக்ஸ்ட்ரா சார்ஜ் வேண்டாங்ணா” என்றார் கடைக்காரர். பாவம், நல்லெண்ணம்தான். படம் போயிற்று.

ஒட்டவே கூடாது. மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் மெல்லிய தாள் கீற்றை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் அட்டைச் சட்டம் வேண்டும். வெயில் படும் சுவர் கூடாது. நீலம் தாங்கும், குசும்பாப் பூச் சிவப்பு தாங்காது. மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிற சுவரும் கூடாது.

நம்ம ஊரை இந்த மாதிரி போட முடியுமா?

போட்டோம். இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

எனக்கு ஊர் சென்னிமலை. அதுவும் மலைக்கடியில் ஒரு ஜவுளி ஊர்தானே! பெட்ஷீட் கடைகள், தறிச் சத்தம், அதற்கு மேல் முருகன் மலை. போன வருடம் மகளும் நானும் இறங்கினோம். தச்சர் தேக்கு வேண்டாம் என்றார், நரம்பு பெரிசு, உளி வழுக்கும். மஞ்சக் கடம்புப் பலகை கொடுத்தார். மஞ்சளாக, நெருக்கமாக, வெண்ணெய்க்கட்டி மாதிரி வெட்டியது. மூன்று கலர் மட்டும்: கறுப்புக் கோடு, மலைக்கு நீலம், பெட்ஷீட்டுக்குச் சிவப்பு.

முதல் கோளாறு என்னுடையது. இருபத்தாறு வருடம் பிரிண்டிங்கில் இருக்கிறேன், ஸ்கிரீனில் நேராக வைத்தது நேராகவே விழும். அந்தப் பழக்கத்தில் கடைப் பலகையில் ‘சென்னிமலை’ என்று நேராகச் செதுக்கிவிட்டேன். தாளை உரித்தால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கிறது. மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அமுச்சி என்னமோ ஏதோ என்று வந்துவிட்டார். குப்புற ஒட்டிச் செதுக்குவது ஏன் என்று படித்ததெல்லாம் அப்போதுதான் மண்டையில் ஏறியது. அந்தப் பலகையில் இப்போது ஒரு பெயர்ப் பலகை வெறுமையாக இருக்கிறது, எழுத்தைச் சீவி எடுத்துவிட்டேன்.

இரண்டாவது கோளாறு காற்று. நாங்கள் தொடங்கியது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாள் எல்லாக் கலருக்கும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் ரிஜிஸ்டர் போச்சு. கறுப்பு அடித்துவிட்டு நீலக் கட்டையைத் துடைத்துக் கலர் வைப்பதற்குள் தாள் அப்பளம் ஆகிவிடும். மலை கூரையைவிட்டு ஒரு நூல் தள்ளிப்போய் நின்றது, தாளுக்குத் தாள் வேறு வேறு இடத்தில். கென்டோவைக் குறை சொல்லி அதை மறுபடி வெட்டினேன். அப்புறம்தான் புரிந்தது. ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணிக்கு நடுவில் தாள்களை அடுக்கி, பாலிதீன் போட்டு மூடி, ஒன்றொன்றாக உருவி அடித்தபோது சரியாக உட்கார்ந்தது. தேய்ப்பானுக்கு மூங்கில் தோகை கிடைக்கவில்லை. எவர்சில்வர் டம்ளரின் அடிப்பாகத்தில் துணி சுற்றித் தேய்த்தோம். கலருக்கு போஸ்டர் கலரும் பச்சரிசிக் கஞ்சியும்.

மலையை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதில் சண்டை. இருக்கிற அளவே போதும் என்றேன். மகள் ஹிரோஷிகே கட்சி. நடுவில் ஒரு பட்டை மேகம் போட்டு மலையை இரண்டு மடங்காக்கிவிட்டாள். படியேறி மேலே போனவர்களுக்குத்தான் தெரியும், 1,320 படி ஏறிய காலுக்கு மலை அந்த அளவு பெரிதாகத்தான் இருக்கும் என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

அந்தப் படத்தில் ஒன்று கிடைக்குமா?

மொத்தம் பதினெட்டு அடித்தோம், ஏழு தேறியது. ஒன்று வீட்டில், ஒன்று அமுச்சி வீட்டில், இரண்டு தச்சருக்கும் அவர் மச்சினருக்கும். ஒன்றை ஜப்பான் பையரின் ஆளுக்கு அனுப்பினேன், அவர் முதலில் கேட்டதே “இந்த மலை எரிமலையா?” என்றுதான். மீதி இரண்டில் ஒன்று, 90 நாள் பில்லை ரொக்கமாக முடிக்கிற முதல் ஆளுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன். மேசையின் இடது டிராயரில் இருக்கிறது.